புழு வடிவமும் புழு இனமும்

வைத்திய நூல்களிலும் பிராணி நூல்களிலும் ‘வெர்மிபார்ம்’ என்றொரு சொல் வரக் காணலாம். லத்தீன் பாஷையில் ‘வெர்மிஸ்’ என்றால் புழு. ‘பார்மா’ என்றால் வடிவம். ஆகவே ‘புழுவின் வடிவுடையது’ என்பதே இதன் பொருள், அதற்குமேல் ஒன்றுமில்லை. பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும் சிறு குழாயை மேனாட்டார் புழுவடிவினது என்றனர். தமிழர் அதில் வாலைக் கண்டு குடல்வால் என்றனர். இத்தாலியர் சேமியாவுக்கு இட்ட ‘வெர்மிசெல்லி’ என்ற பெயருக்கும் சிறு புழுக்கள் என்றே பொருள். உண்பவர் அதற்காக அருவருப்பதில்லை.

வடிவத்தைக் குறித்த சொல்லை இனத்தின்மேல் ஏற்றியபோதுதான் குழப்பம் உண்டாயிற்று. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758-ல் பிராணிகளை ஆறு வகுப்பாக்கி, மற்ற ஐந்தில் அடங்காதவற்றையெல்லாம் ‘வெர்மெஸ்’ என்னும் ஆறாவதில் சேர்த்தார். மண்புழுவும் நத்தையும் நட்சத்திர மீனும் ஒரே வகுப்பாயின. லமார்க் முதலிய பிற்காலப் பண்டிதர்கள் அதைப் பலவாகப் பிரித்தனர்.

தமிழ் வழக்கிலும் இம்மயக்கம் உண்டு. பட்டுப்புழு உண்மையில் பூச்சியினத்தின் இளம் பருவம். ‘வயிற்றில் பூச்சி’ என்று சொல்லப்படுவதோ பூச்சியன்று, புழு. பெயர் மயக்கத்தால் கெடுதி ஒன்றுமில்லை. ஆனால் மண்புழுவிலிருந்தே வயிற்றுப்புழு வருமென்று அஞ்சுவது வீண். இங்கிலாந்தின் பல பாகங்களில் ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் மண்புழுக்களின் உடல் வழியாகச் சென்று மேலே வருகிறதென்று டார்வின் 1881-ல் எழுதினார். இவ்வளவு உழவைக் கூலியின்றிச் செய்வது அப்பிராணி.

அஞ்சத்தக்கது கொக்கிப்புழு. அதன் நீளம் சுமார் ஒரு சென்டிமீட்டர். நோயாளியின் மலத்தோடு விழும் முட்டைகள், நிழலும் ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கும். குஞ்சுகள் சில நாட்கள் வளர்ந்தபின், வெறுங்காலால் மிதிப்பவரின் தோலைத் துளைத்து உட்புகும். பின்னர் இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். சோகையும் அயர்வும் இதனால் வரும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தீங்கு அதிகம். இக்குஞ்சு கண்ணுக்குப் புலப்படுவதன்று. ஆதலால் புழுவில்லாத மண்ணென்று பார்வையால் தீர்மானித்தல் இயலாது.

அல்பெண்டசோல் முதலிய மருந்துகள் குடலிலுள்ள புழுக்களை அகற்றும். ஆயினும் மருந்துண்டவர் அதே தோப்பில் மலங்கழித்து, அதே தோப்பில் வெறுங்காலோடு நடப்பாராயின், புழு மீண்டும் பற்றும். கக்கூசும் செருப்பும் மருந்தோடு சேர்ந்தே வேண்டப்படும்.