கை பிழைத்தலும் உயிர் பிழைத்தலும்

'பிழைத்தல்' என்னுஞ் சொல் தமிழிலே இருபொருள் உடையது. தவறு செய்தலும் பிழைத்தல். உயிர் தப்பி வாழ்தலும் பிழைத்தல். ஒன்றற்கொன்று மாறுபட்ட இவ்விரு பொருளும் வந்து சந்திக்குமிடம் சத்திரசிகிச்சைக்கூடம். ஆண்டு வைத்தியரின் கை பிழைப்பின் நோயாளர் பிழைத்தல் அரிதாம். ஆயினும், பிழையாது கற்ற கை உலகில் இல்லை. அங்ஙனமாயின், பயிலுங் கை எங்கே பிழைத்துக் கற்பது?

இவ்வினாவுக்குப் பண்டை ஆயுள்வேத நூலோர் விடை கண்டிருந்தனர். சுசுருத சங்கிதை இதற்கெனவே ஓர் அத்தியாயம் வகுத்துள்ளது. மாணாக்கன் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களிலே அறுத்தலையும், நீர் நிறைத்த தோற்பையிலே பிளத்தலையும், மயிர் நீங்காத தோலிலே சுரண்டுதலையும் பயிலல் வேண்டும். நூலறிவு நிரம்பியும் கைப்பயிற்சி இல்லாதவன் தொழிற்குத் தகுதியுடையனல்லன் என்பது அந்நூலின் கருத்து.

இக்காலத்திலே இத்தேவை மிகுந்துள்ளது. மிகைப்பருமன் நீங்க, இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்குஞ் சிகிச்சையை 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்து மேசன், இட்டோ என்னும் இருவர் உலகிற்கு அறிவித்தனர். அந்நாளில் வயிற்றை நீளக் கீறியே அது செய்யப்பட்டது. சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தி அதனைச் செய்யும் முறையை 1994இல் விற்குரோவ் முதலியோர் வெளியிட்டனர். காயம் சிறிதாயிற்று, நோவு குறைந்தது, ஆயின் வைத்தியரின் இடர் பெருகிற்று. கண் திரையை நோக்க, கை வேறிடத்தே தொழிற்படும். கருவியானது துளையை ஊன்றிடமாகக் கொண்டு நெம்புகோல்போல் அசைதலின், கை இடம் போக, நுனி வலம் போகும். விரலின் தொட்டுணர்வுங் குறையும். இந்நிலையிலே இரைப்பையையுங் குடலையுங் கசிவின்றித் தைத்தல் வேண்டும். தையல் கசியின் உயிர்க்கே ஏதமாம்.

இச்சிகிச்சையில் ஒருவர் தேர்ச்சியடைய ஏறத்தாழ 100 நோயாளர் வேண்டும் என 2003இல் அமெரிக்க ஆய்வொன்று கூறிற்று. அந்நூற்றின் முதல் வரிசையில் இருப்பவர் யாரோ ஒருவரின் தாயோ தமையனோ அன்றோ?

கைத்திறன் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு 2013இல் வெளிவந்த மிச்சிகன் மாநிலத்து ஆய்வு சான்று. இச்சிகிச்சை செய்யும் வைத்தியர் 20 பேர் தாஞ் செய்தவற்றைப் படம்பிடித்து அளித்தனர். செய்தவர் யாரென அறியாத சக வைத்தியர் அவற்றுக்குப் புள்ளியிட்டனர். திறனிற் கடைக்காற்பங்கினரின் நோயாளருள் நூற்றுக்கு 14.5 பேருக்குச் சிக்கல் நேர்ந்தது. முதற்காற்பங்கினரிடத்து அது 5.2 மட்டுமே.

இன்று மாணாக்கர் முதலிற் பயில்வது ஒரு பெட்டியிலே. அதன் மேலே துளைகள், உள்ளே படக்கருவி. முளைகளிற் செருகிய சிறு பொருள்களை ஒரு கருவியால் எடுத்து மறு கருவிக்கு மாற்றுவர், துணியில் வரைந்த வட்டத்தைப் பிறழாது வெட்டுவர், ஊசிகொண்டு முடிச்சிடுவர். பின்னர் விலங்கின் குடலிலே இணைப்புத்தையல் பயில்வர். கணினி காட்டும் போலியுடலிலே ஒத்திகை பார்ப்பர். இதன் பயன் வெறும் நம்பிக்கையன்று. 2002இல் யேல் பல்கலைக்கழகத்தார் 16 பயிற்சி வைத்தியரைக் கொண்டு பித்தப்பைச் சிகிச்சையை ஆராய்ந்தனர். கணினியிற் பயின்றோர் நூற்றுக்கு 29 பங்கு விரைந்து செய்தனர். பயிலாதோர் உறுப்பைக் காயப்படுத்தவோ பிறவிடத்தைச் சுடவோ ஐந்து மடங்கு ஏதுவிருந்தது.

பெட்டி உடலாகாது என்பது உண்மையே. குருதி பெருகும்போது நிலைகுலையாமையும், நிறுத்தவேண்டிய இடத்தை அறிதலும் மூத்தார் அருகே நின்று கற்றற்குரியன. எனினும், முடிச்சிடக் கற்றற்கு ஓருயிர் விலையாதல் தகாது. கை பிழைத்தற்குரிய இடத்திலே பிழைத்துத் தேறினாற்றான், உயிர் பிழைத்தற்குரிய இடத்திலே பிழைக்கும்.