கோஸை விடுங்கள், கப்பையை எழுதுங்கள்

போடியிலிருந்து மலையேறும் காய்கறி வண்டி போடிமெட்டு, பூப்பாறை தாண்டி இடுக்கி மாவட்டச் சாந்தன்பாறைக் கடைவீதிக்கு வரும்போது கோஸ், வெண்டை, புடலை, சேனை எல்லாம் கலந்தே வந்து இறங்குகின்றன. கப்பைக்கிழங்குக்கு (மரவள்ளிக்கு) மட்டும் வண்டி வேண்டாம். அது பக்கத்திலேயே விளைகிறது. கடையில் எல்லாம் ஒரே தராசில்தான் ஏறுகின்றன. வாங்குகிறவர் கணக்கில் அத்தனையும் காய்கறி. உடம்பைக் குறைக்கக் கிளம்புகிறவருக்கு வம்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு என்று கைப்பேசிச் செயலியில் பதிந்துகொண்டே வருகிறவர், பொரியலைக் கண்டதும் தயங்குகிறார். இதையும் எழுத வேண்டுமா? காய்க்கு ஏது கலோரி, வயிறு நிறையச் சாப்பிடு என்பார் ஒருவர். கேரட் துண்டைக்கூட நிறுத்துப் பார்க்கச் சொல்வார் இன்னொருவர். என்னைக் கேட்டால் கோஸை எழுத வேண்டாம். எழுத வேண்டியவை வேறு இருக்கின்றன.

100 கிராம் வெள்ளரியில் சுமார் 15 கலோரி. (செயலிகளும் மருத்துவர்களும் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரியை, வழக்கப்படியே நானும் எழுதுகிறேன்.) கோஸில் 25, பீன்ஸில் 30, கேரட்டில் 40 சொச்சம். சுரை, புடலை, பூசணி, தக்காளி எல்லாம் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். இவற்றில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மிச்சத்திலும் ஒரு பகுதி நார். அதை உடைக்கும் நொதி நம் குடலில் இல்லை. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதைப் புளிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக்கித் தருவது கிராமுக்கு ஏறக்குறைய 2 கலோரி. மாவுச்சத்து என்றால் 4 கிடைக்கும். ஆக, கோஸ், பீன்ஸ், வெள்ளரி வகைக்கு நூறு கிராம் என்று மொத்தம் 300 கிராம் சாப்பிட்டாலும் 70 கலோரிதான் தேறும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவுப்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1660 கலோரி தேவை. அதில் 70 என்பது நூற்றுக்கு நாலு. சோற்றுக் கரண்டி கொஞ்சம் குவிந்து விழுந்தாலே அவ்வளவு ஏறிவிடும்.

எழுதுகிற கணக்கு எவ்வளவு துல்லியம் என்பதையும் பார்க்க வேண்டும். 1992-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரின் உடல் உண்மையில் செலவிடும் ஆற்றலை, ஐசோடோப்பு கலந்த நீரைக் குடிக்கவைத்து அளந்தார்கள். அவர்கள் உண்டதாக எழுதியது, உண்மையில் உண்டதைவிட சராசரியாக 47 சதவீதம் குறைவு. பொய் சொல்ல வேண்டும் என்று எழுதியவர்கள் அல்ல. கணக்கு அப்படித்தான் நழுவும். இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கும் இடத்தில், வெள்ளரிக்காயின் 15 கலோரியைத் துரத்திப் பிடிப்பதில் அர்த்தம் இல்லை. அந்தப் பொறுமையை வேறு இடத்தில் செலவழிக்கலாம்.

எந்த இடம் என்பதற்குப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழு செய்த சோதனை நல்ல குறிப்புத் தருகிறது. 2004-இல் வெளியான அந்த ஆய்வில் 42 பெண்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் சாலட் கொடுத்தார்கள். கலோரி குறைந்த சாலட்டைப் பெரிய தட்டில் தின்றவர்கள், சாலட்டையும் சேர்த்தே, சாலட் இல்லாதபோது உண்டதைவிட மொத்தச் சாப்பாட்டில் 12 சதவீதம் குறைவாக உண்டார்கள். அதே அளவு சாலட்டில் சீஸும் கொழுப்பு மிகுந்த டிரெஸ்ஸிங்கும் சேர்த்தபோது மொத்தம் 17 சதவீதம் கூடிவிட்டது. இலையும் காயும் வயிற்றை அடைத்துப் பசியைத் தணித்தன. மேலே ஊற்றியது அந்த ஆதாயத்தைத் தின்றுவிட்டது.

நம் அடுப்பில் சீஸின் வேலையைத் தேங்காய் பார்க்கிறது. சாந்தன்பாறைப் பக்கம் கோஸ் தோரனும் தமிழ் வீட்டுப் பொரியலும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் வேகின்றன. இரண்டுக்கும் தாளிக்க எண்ணெய் வேண்டும், இறக்கும்போது துருவல் வேண்டும். 150 கிராம் கோஸில் 40 கலோரிகூட இல்லை. அதில் விழும் ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெய் 120. முப்பது கிராம் துருவல் இன்னொரு நூறுக்கு மேல். ஆக தட்டில் இருப்பது 260 கலோரி. கோஸின் பங்கு ஏழில் ஒன்று. செயலியில் ‘கோஸ்’ என்று பதிந்தவர் அந்த ஒன்றை எழுதிவிட்டு ஆறை விட்டுவிடுகிறார். தேங்காயே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், சொன்னாலும் இடுக்கியில் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அளந்து போடலாம்.

இனிக் கிழங்கு. 100 கிராம் கப்பையில் 160 கலோரி. உருளை, சேனை 80-ஐ ஒட்டி வரும். சேம்பும் சர்க்கரைவள்ளியும் நூறை நெருங்கும். பலாவில் பிஞ்சு காய்ப் பக்கம், முற்றிய சுளை கிழங்குப் பக்கம். அவித்த கப்பை 300 கிராம் தட்டில் பெரிதாகத் தெரியாது. தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியோ மீன்குழம்போ இருந்தால் சொல்லவே வேண்டாம். ஆனால் அது ஏறக்குறைய 480 கலோரி, அதாவது 350 கிராமுக்கு மேல் சோறு. கப்பை சாப்பிட்டவர் ‘இன்றைக்குச் சோறே தொடவில்லை’ என்று பெருமைப்பட்டால், கணக்கில் அவர் சோற்றைத் தொட்டிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்கு 400 கிராம் பழமும் காயும் உண்ணச் சொல்லும்போது உருளை, சர்க்கரைவள்ளி, கப்பை போன்ற மாவுக்கிழங்குகளை அந்த 400-இல் சேர்ப்பதில்லை. நீரிழிவுக்காரர்களுக்காக அமெரிக்காவில் 1950-இல் வகுத்த மாற்றுப் பட்டியலும் இப்படித்தான்: மாவுள்ள காய்களை ரொட்டியோடு வைத்தது, மற்ற காய்களைத் தனியே பிரித்தது. 2015-இல் ‘ப்ளாஸ் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு 1,33,468 அமெரிக்கர்களை 24 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தது. மாவில்லாத காய்களைக் கூட்டியவர்களுக்கு எடை சற்றுக் குறைந்தது. உருளை, பட்டாணி, சோளத்தைக் கூட்டியவர்களுக்குச் சற்று ஏறியது. இது கவனிப்பு ஆய்வு, காரணத்தை அறுதியிட்டுச் சொல்லாது. ஆனாலும் போகிற திசை தட்டில் தெரிகிற கணக்கோடு ஒத்துப்போகிறது.

கப்பையைத் திட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. திருவிதாங்கூரில் 1880-களில் விசாகம் திருநாள் மன்னர் இதைப் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது ஊரைக் காப்பாற்றியது இதுதான். உணவு உற்பத்தியைப் பெருக்க அரசு அழைத்து இந்த மலைகளில் குடியேறியவர்களுக்கும் வயிற்றுக்கு நம்பிக்கை கப்பைதான். கலோரி அதிகம் என்பதே அன்று அதன் பெருமை. இன்றும் ஆளைப் பொறுத்தது. கடுமையான உடலுழைப்புள்ள பெண்ணுக்கு அதே 2020 அளவு 2720 கலோரி என்கிறது, நடுத்தர உழைப்புக்கு 2130. ஏலத்தோட்டச் சரிவில் பகல் முழுக்க ஏறி இறங்குகிறவரை எந்த வரிசையில் வைத்தாலும் 1660-க்கு வெகு மேலே நிற்கிறார். அவருக்கும், கடைவீதியில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே கப்பை ஒரே உணவல்ல.

‘எதிர்மறைக் கலோரி’ என்றொரு கதையும் சுற்றுகிறது: செலரி, வெள்ளரி போன்றவற்றைச் செரிக்க, அவற்றில் இருப்பதைவிட அதிக ஆற்றல் செலவாகிறதாம். 2019-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தாடி ஓணான்களுக்குச் செலரி ஊட்டி அளந்தார்கள். செரிமானச் செலவும் கழிவும் போக ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிஞ்சியது. ஓணானுக்கே லாபம் என்றால் மனிதருக்கு நட்டம் வர வழியில்லை. காய் நமக்குக் கொடுப்பது கொஞ்சம், ஆனால் பூஜ்யமல்ல.

இந்தக் கலோரி எண்களின் இந்தியப் பூர்வீகம் நீலகிரியில் இருக்கிறது. குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் 1918-இல் தொடங்கிய ஆய்வுக்கூடமே பின்னாளில் ஐதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. குன்னூரில் அவருக்குப் பின் இயக்குநரான டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட் 1937-இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். குறைந்த செலவில் நிறைவான சாப்பாட்டைத் திட்டமிடத்தான் அந்தப் புத்தகம். பசித்தவனுக்கு எவ்வளவு போதும் என்று கேட்ட அட்டவணையைத் தலைகீழாகப் பிடித்து, எதை விடலாம் என்று நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

காயை எழுத வேண்டாம் என்பதற்கு விதிவிலக்குகள் உண்டு. சாப்பிடும் மாவுக்கு ஏற்ப இன்சுலின் அளவை மாற்றிக்கொள்கிறவர்கள் பீட்ரூட்டையும் பட்டாணியையும் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்குக் காயில் கலோரி பொருட்டல்ல, பொட்டாசியம்தான் பொருட்டு. அதை மருத்துவர் சொல்ல வேண்டும். நேந்திரங்காய் வற்றலைக் காய்க் கணக்கில் சேர்க்க நினைப்பவர்களுக்கு: நூறு கிராமில் 500 கலோரி தாண்டும்.

மற்றவர்களுக்குத் தினமும் தராசு எடுக்க வேண்டியதில்லை, மாதத்தில் ஒருநாள் மளிகைச் சீட்டைப் பார்த்தால் போதும். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் தீர்கிறதென்றால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 33 மில்லி. அது 270 கலோரிக்கு மேல். மேலே சொன்ன 300 கிராம் காயைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு, தேங்காயைச் சேர்க்காமலே.