பணம் மகிழ்ச்சி தருமா? சிவகாசிப் பட்டாசு சொல்லும் கணக்கு

போனஸ் ஏறிவிட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது. அடுத்த பத்து நிமிடத்தில் ஷாப்பிங் ஆப் திறக்கிறது. ஒரு வாரமாக கார்ட்டில் கிடந்த பொருள் ஆர்டர் ஆகிறது. மனசு லேசாகிறது. பார்சல் வந்து இரண்டு நாள் ஆனதும், வீட்டில் இருக்கும் நூறு பொருட்களோடு அதுவும் ஒன்று. நம்மில் பலருக்கும் பழகிய கதைதான் இது.

‘பணம் மகிழ்ச்சி தருமா?’ என்று பட்டிமன்றம் வைத்தால் தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: “மனசுதாங்க முக்கியம்.” கேட்க நன்றாக இருக்கும். மாசக் கடைசியில் வாடகைக்குத் திண்டாடுபவரிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேட விருதுநகர் மாவட்டம் பொருத்தமான இடம். நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்திலிருந்துதான் போகிறது. ஒரு நாள் சந்தோஷத்துக்காக நாடே வாங்கும் பொருளை வருஷம் முழுக்கச் செய்யும் ஊர்கள் இவை. வாங்குபவரின் கணக்கு, செய்பவரின் கணக்கு இரண்டையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

சம்பளம் கூடினால் சந்தோஷம் கூடுமா?

கூடும். ஆனால், ஒரே வேகத்தில் கூடாது.

1974-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் ஒரு புதிரைச் சொன்னார். ஒரு நாட்டுக்குள் பார்த்தால், வசதியானவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ஆனால், காலப்போக்கில் நாடே பணக்கார நாடாக மாறும்போது சராசரி மகிழ்ச்சி அதற்கேற்ப உயர்வதில்லை. நம் வருமானத்தை நாம் பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டே அளக்கிறோம் என்பது அவர் சொன்ன காரணம்.

2010-ல், ஏற்கெனவே நோபல் பரிசு பெற்றிருந்த டேனியல் கானமன், பின்னாளில் அதே பரிசைப் பெற்ற ஆங்கஸ் டீட்டன் இருவரும், அமெரிக்காவில் ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டியபின் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்றார்கள். 2021-ல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் அப்படி ஓர் உச்சவரம்பு தெரியவில்லை என்று மறுத்தார். இரு தரப்பும் சண்டையை வளர்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து தரவுகளை மறுபடி அலசின. 2023-ல் வந்த முடிவு இது: பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது. ஏற்கெனவே ஆழ்ந்த மனவருத்தத்தில் இருக்கும் சுமார் 20 சதவீதத்தினருக்கு மட்டும், ஒரு கட்டத்துக்கு மேல் பணம் உதவுவதில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சம்பளம் ரூ.20,000-லிருந்து ரூ.40,000 ஆகும்போது கிடைக்கும் அதே அளவு ஏற்றம் மறுபடி வர, 1 லட்சம் 2 லட்சமாக வேண்டும். மேலே போகப் போக, அதே சந்தோஷத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது.

கரும்பு வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின்

கையில் காசு இல்லாதபோது என்ன நடக்கிறது? இதற்கான முக்கியமான ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. இங்குள்ள 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். முடிவுகள் 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயின.

கரும்புப் பணம் வருஷத்துக்கு ஒரு தடவை வருவது. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக்குப் போகிறது, கைமாற்று கூடுகிறது. அந்த நேரத்தில் புதிர் விடுவிக்கும் தேர்வு வைத்தபோது மதிப்பெண் குறைந்தது. பணம் வந்தபின் அதே விவசாயிக்கு மதிப்பெண் கூடியது. வித்தியாசம் ஐ.க்யூ. அளவில் 9, 10 புள்ளிகளுக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள்.

ஆள் மாறவில்லை, அறிவும் மாறவில்லை. ‘வர்ற வாரம் என்ன பண்றது?’ என்ற கேள்வி மூளையின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் பீஸ் ரேட் தொழிலாளர்களிடம் இன்னொரு சோதனை நடந்தது. சிலருக்கு மட்டும், சேர வேண்டிய கூலியில் ஒரு பகுதியைச் சில நாட்கள் முன்னதாகக் கொடுத்தார்கள். ஒரு பைசா கூடுதலாகத் தரவில்லை. பலரும் உடனே கடனில் ஒரு பங்கை அடைத்தார்கள். அதன்பின் உற்பத்தி சுமார் 6, 7 சதவீதம் உயர்ந்தது. கவனக்குறைவால் வரும் தவறுகளும் குறைந்தன.

ஆக, குறைந்த வருமானத்தில் பணம் வாங்கித் தரும் முதல் பொருள் நிம்மதி. அது எந்தக் கடையிலும் காட்சிக்கு இருக்காது.

பட்டாசு ஊரின் வருஷக் கணக்கு

இந்த வெளிச்சத்தில் சிவகாசியைப் பாருங்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமி. பி.அய்ய நாடார், ஏ.சண்முக நாடார் இருவரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923-ல் இங்கே தொடங்கினார்கள். தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு, அதன்பின் அச்சகம் என்று ஊர் வளர்ந்தது. விவசாயம் கைவிட்ட பூமியில் பணம் எத்தனை குடும்பங்களைத் தூக்கிவிட்டது என்பதற்கு இந்த ஊரே சாட்சி.

ஆனால், தொழிலாளி கைக்கு அந்தப் பணம் வரும் விதம் வேறு. திரி பின்னுவது, மருந்து செலுத்துவது, பெட்டி ஒட்டுவது என்று பல வேலைகளுக்கும் பீஸ் ரேட் கூலிதான். மழை பெய்தால் சரக்கு காயாது, வேலை நிற்கும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடியிருக்கும். அந்த இடைவெளியைச் சமாளிக்க, அடுத்த சீசன் வேலையை நம்பி முன்பணம் வாங்கும் வழக்கம் உண்டு. வீட்டுக்குத் துணிமணி வாங்கிய பணம், அடுத்த வருஷம் பார்க்கப்போகும் வேலையின் கூலி.

வேலை நின்றால்? 23.10.2018 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. வருமானம் நின்றது. வட்டிக்கு அப்படி லீவு கிடையாது.

இன்னொரு விலையும் இந்த ஊருக்குத் தெரியும். 5.9.2012 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆபத்து என்று தெரிந்த வேலையை வேண்டாம் என்று சொல்வதற்கும் கையில் கொஞ்சம் காசு வேண்டும்.

80 சதவீதத் தள்ளுபடி என்ன செய்கிறது?

இப்போது வாங்கும் பக்கம் வருவோம். சீசன் நேரத்தில் சாத்தூர், சிவகாசி சாலைகளில் கண்ணில் படும் பலகைகளை யோசித்துப் பாருங்கள்: ‘70 சதவீதத் தள்ளுபடி’, ‘80 சதவீதத் தள்ளுபடி’. உதாரணமாக, விலைப்பட்டியலில் ரூ.1,000 என்று போட்டு, அடித்து, பக்கத்தில் ரூ.200 என்று எழுதியிருக்கும். அந்த 1,000 ரூபாய்க்கு யாராவது என்றைக்காவது வாங்கியிருப்பார்களா என்று நாம் கேட்பதில்லை.

முதலில் பார்க்கும் எண் மனதில் முளையடித்து உட்கார்ந்துவிடும். அடுத்து வருவதை அதோடு கட்டியே பார்ப்போம். ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974-லேயே விளக்கிய விஷயம் இது. 200 ரூபாய் செலவு செய்தோம் என்பது மறந்து, 800 ரூபாய் மிச்சம் பிடித்தோம் என்ற சந்தோஷம் வருகிறது. ஆன்லைன் ‘மெகா சேல்’களிலும் இதே வித்தைதான்.

வாங்கியதும் வரும் சந்தோஷம் பொய்யா?

பொய் இல்லை. மனசு சரியில்லாதபோது ஏதாவது வாங்கினால் சோகம் கொஞ்சம் குறைவதாக 2014-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ‘இதை நான் தேர்ந்தெடுத்தேன்’ என்ற உணர்வு, கையை விட்டுப்போன கட்டுப்பாட்டைத் திருப்பித் தருகிறதாம்.

சிக்கல், அது எவ்வளவு நாள் தங்கும் என்பதில். 1978-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரியில் பெரும்பணம் விழுந்த 22 பேரிடம் கேட்டார்கள். மற்றவர்களைவிட அவர்கள் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை. நண்பர்களோடு அரட்டை, டிவி, காலைச் சாப்பாடு போன்ற சின்னச் சின்ன விஷயங்களில் கிடைக்கும் இன்பம்கூடக் குறைந்திருந்தது. மனசு எதற்கும் பழகிவிடும். ஆனால், 2020-ல் ஸ்வீடனில் வந்த பெரிய ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: பெரிய பரிசு பெற்றவர்களுக்கு ‘வாழ்க்கை பரவாயில்லை’ என்ற திருப்தி பத்து வருடங்களுக்கு மேலும் நீடித்தது. சேர்த்து வைத்த பணம் தரும் தைரியம் தங்குகிறது. பார்சல் பிரிக்கும் குஷிதான் சீக்கிரம் கரைகிறது.

பட்டாசுச் சீட்டா, இ.எம்.ஐ.யா?

எதை வாங்குகிறோம் என்பதைப் போலவே, பணத்தை எப்போது கட்டுகிறோம் என்பதும் சந்தோஷத்தை மாற்றுகிறது. தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு தெரிந்தது பட்டாசுச் சீட்டு, பலகாரச் சீட்டு. மாதாமாதம் சிறு தொகை கட்டினால், தீபாவளிக்குப் பட்டாசுப் பெட்டி, இனிப்பு, சில சீட்டுகளில் பாத்திரம்கூட வரும். பெட்டி வீட்டுக்கு வரும்போது கடன் ஏதும் பாக்கி இருக்காது. பிள்ளைகளுக்கு அது இலவசமாக வந்தது மாதிரியே இருக்கும்.

1998-ல் டிராசன் ப்ரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற இருவர் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு வாரச் சுற்றுலாவுக்கு ஆறு தவணை: போவதற்கு முன்பே கட்டுவீர்களா, வந்தபிறகா? பெரும்பாலானவர்கள் ‘முன்பே’ என்றார்கள். அதே விலையில் வாஷிங் மெஷின் என்றபோது ‘பிறகு’ என்றார்கள். மெஷின் உழைத்துக்கொண்டிருக்கும்போது தவணை கட்டினால் வலிக்காது. அனுபவித்து முடிந்துபோன ஒன்றுக்குக் கட்டும்போதுதான் ஒவ்வொரு தவணையும் உறுத்துகிறது.

பட்டாசை விடச் சீக்கிரம் முடிந்துபோவது எது? தமிழ்நாட்டில் தீபாவளியன்று வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8, மொத்தமே 2 மணி நேரம். அதை கிரெடிட் கார்டில் வாங்கி, முழுத்தொகை கட்டாமல் தள்ளிப்போட்டால், பல கார்டுகளில் வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல். பொங்கல் வந்தும் புகை அடங்காது.

ஓர் எச்சரிக்கை. தீபாவளிச் சீட்டு என்ற பெயரில் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடும் மோசடிகள் தொடர்ந்து நடக்கின்றன. பதிவு செய்யாத ஆட்களிடம் பெரிய தொகை கட்ட வேண்டாம். அதே முறையை வங்கியில் 12 மாத ஆர்.டி. போட்டு நீங்களே செய்துகொள்ளலாம்.

யாருக்காகச் செலவு?

2008-ல் எலிசபெத் டன் குழுவினர் கனடாவில் சிலரிடம் 5 அல்லது 20 டாலர் கொடுத்து, மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் தங்களுக்காக, மீதிப் பேர் அடுத்தவருக்காக. மாலையில் அதிக மகிழ்ச்சியோடு இருந்தவர்கள் அடுத்தவருக்குச் செலவழித்தவர்கள். 5 டாலரா 20 டாலரா என்பது வித்தியாசம் செய்யவில்லை. பின்னர் இந்தியா, உகாண்டா போன்ற நாடுகளில் நடந்த சோதனைகளும் இதே திசையைக் காட்டின.

நமக்கு இது புதிதல்ல. புஸ்வாணத்தைத் தனியாகக் கொளுத்தி யாரும் பார்ப்பதில்லை. நாலு பிள்ளைகள் சுற்றி நின்று கத்தினால்தான் அதற்கு அழகு. சிவகாசி விற்கும் பொருளின் பாதி மதிப்பு தெருவில்தான் சேர்கிறது.

‘பை நவ்’ அழுத்துவதற்கு முன்

மூன்று கேள்விகள் போதும்.

1. இந்தப் பொருள் எத்தனை நாள் உழைக்கும், தவணை எத்தனை மாதம் ஓடும்? தவணை நீளம் என்றால் வேண்டாம்.

2. அடித்திருக்கும் விலையை மறைத்துவிட்டுப் பார்த்தால், இந்த விலைக்கு இது எனக்குத் தேவையா?

3. வேலை போனால் இரண்டு, மூன்று மாதம் தாக்குப்பிடிக்கக் கையில் பணம் இருக்கிறதா? இல்லையென்றால், போனஸில் முதல் செலவு அதற்குத்தான்.

போனஸ் என்பதே வானத்திலிருந்து விழும் பணம் அல்ல. 1965-ன் போனஸ் சட்டம் வகுத்த குறைந்தபட்ச அளவு 8.33 சதவீதம், அதாவது வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நீங்கள் ஏற்கெனவே உழைத்து முடித்த ஒரு மாதம் அது. உழைத்து முடித்த காசில் கொளுத்தும் மத்தாப்பு அன்றோடு அணைந்துவிடும். இனி உழைக்கப்போகும் காசில் கொளுத்தியதற்கு, அடுத்த வருஷம் முழுக்க கட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். இந்த வித்தியாசம் சிவகாசித் தொழிலாளிக்குத் தெரியும். அவருக்கு வேறு வழி இல்லாமல் முன்பணம் வாங்குகிறார். வழி இருக்கிற நாம் ஏன் அதே வரிசையில் போய் நிற்க வேண்டும்?