தாத்தா படம் வெளுக்காமல் இருக்க...

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் தாத்தாவின் படத்தை அச்சடித்துச் சுவரில் மாட்டுகிறீர்கள். சில மாதங்களில் முகம் வெளுத்து விடுகிறது! ஏன்?

சாதாரணத் தாள் சதுர மீட்டருக்கு 70, 80 கிராம்தான். மை அதன் நாருக்குள் ஊறிப் பரவும். படம் கலங்கும்.

போட்டோ தாள் பெரும்பாலும் 180 முதல் 300 கிராம் வரை இருக்கும். எடையைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். மேலே உள்ள பூச்சுதான் முக்கியம்!

உடனே காயும் தாளின் பூச்சில், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. மை அதற்குள் இறங்கிக் காய்கிறது. ஆனால் அதே துளைகளில் காற்றும் புகும். காற்றில் உள்ள ஓசோன், சாய மையை வெளுக்கச் செய்யும். பிக்மெண்ட் மை அதைவிட நன்றாகத் தாங்கும்.

படத்தை ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு கண்ணாடி போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.