பவளம் ஏன் வெளுக்கிறது? தொட்டியிலும் கடலிலும் ஒரே காரணம்!

வீட்டுத் தொட்டியில் வண்ணமயமாக வைத்த பவளம், கொஞ்ச நாளிலேயே சுண்ணாம்புபோல வெளுத்துவிடுவது உண்டு. ஏன்?

பவளம் கல்லும் அல்ல, செடியும் அல்ல. அது ஓர் உயிரினம். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் நிறத்தையும், பெரும்பங்கு உணவையும் தருகிறது. கோடையின் உச்ச வெப்பத்தைவிட வெறும் 1 டிகிரி கூடி, சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். தொட்டியில் மிச்சமாகும் மீன் உணவால் நைட்ரேட் கூடுவதும், தண்ணீரில் கால்சியம் குறைவதும் அதை மேலும் நலிவடையச் செய்யும்.

நம் மன்னார் வளைகுடாவிலும் இதுதான் நடக்கிறது. ராமேஸ்வரம் - தூத்துக்குடி இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் 2010, 2016 கோடைகளில் பெருமளவில் வெளுத்தன. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டியதில், 2 தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன.

வெளுத்த பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், பவளமும் பிழைக்கும். தொட்டிக்குச் சில்லர் மாட்டலாம், கடலுக்கு?

முக்கியமான விஷயம்: பாறை உருவாக்கும் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். தொட்டி அழகுக்குச் செயற்கைப் பவளமே போதும்!