எருக்கை நம்பிய புழு

எருக்கு நம் நாட்டில் எவரும் மதியாத செடி. மடலேறத் துணிந்த தலைவன் தலையில் எருக்கங்கண்ணி சூடுவான் என்பதே தமிழ் பயிலும் எம்மனோர்க்கு அதனைப்பற்றித் தெரிந்த செய்தி. பிள்ளையார் சதுர்த்தியன்று மாலை தொடுப்பார்க்கு அதன் பூத் தெரியும். இவ்விரு நினைவும் ஒழிந்த நாட்களில் அது களைதான். யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு மாலையில், விடுதிச் சுவரையடுத்து நின்ற எருக்கின் இலையடியில் கரியதும் வெளியதும் மஞ்சளுமாகிய வரிகள் நிறைந்த புழுவொன்று எம் கண்ணிற்பட்டது. அன்றுமுதல் எம் மாலைப்பொழுதுகள் பல அச்செடியருகே கழிந்தன. இலக்கணத் தேர்வு அதனால் இடருற்றதென்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

அப்புழு வளர்ந்து ஆகும் வண்ணத்துப்பூச்சியைத் தமிழில் வெந்தய வரியன் என்பர். செம்மஞ்சட் சிறகும், கரிய சிறகுமுனையும், அம்முனையிற் சில வெண்புள்ளிகளும் உடையது. அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்ற மொனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சி இதற்கு நெருங்கிய உறவு. இரண்டையும் 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் தம் நூலில் பெயரிட்டுச் சேர்த்தார். இன்றும் இரண்டும் ஒரே பேரினத்தில் வைத்து எண்ணப்படுகின்றன. அதன் புழு உண்ணும் பாற்செடியும் நம் எருக்கும் ஒரே குடும்பத்தன. எகிப்தில் தீப்ஸ் நகரத்து நெபாமுன் என்பானின் கல்லறையில், ஏறத்தாழ 3,350 ஆண்டுகட்கு முன்னர்த் தீட்டப்பெற்ற வேட்டைக் காட்சியில் வெந்தய வரியன் பறக்கின்றது. அவ்வோவியம் இப்பொழுது இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. நம் சுவரோரத்துப் பூச்சிக்கு இத்துணைப் பழமை உண்டென அறிந்தபோது எமக்குச் சிறிது நாணமே உண்டாயிற்று.

தாய்ப்பூச்சி முட்டையிடும் முறை காணத்தக்கது. அதற்கு ஆறு கால்கள் உளவாயினும் நடப்பதற்கு நான்கே பயன்படும். குறுகிப்போன முன்னங்கால்களால் அது இலையைத் தட்டித் தட்டிச் சுவை பார்க்கும். எருக்கென்று தெளிந்த பின்னரே இலையின் அடிப்புறத்தில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு வேறிலைக்குச் செல்லும். கடுகினுஞ் சிறியது அம்முட்டை, வெண்ணிறத்தது, நெடுக மெல்லிய வரம்புகள் ஓடுவது. பல முட்டைகளை ஓரிலையில் இடாமைக்குக் காரணம் உண்டு. பிறந்த புழுவுக்குப் பசி பெரிது, இலையோ அளவுடையது.

மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ வெளிப்படும் புழு முதற்கண் தன் முட்டை ஓட்டையே தின்னும். அதன்பின் தின்பதையன்றி அதற்கு வேறு தொழிலில்லை. மொனார்க் புழு இரண்டு வாரத்திற்குள் பிறந்தபோதிருந்த எடையைப்போல் ஏறத்தாழ 2,000 மடங்கு பெருகும் என்பர். தோல் உடன் வளராதாகலின், நான்கு முறை அதனை உரித்தெறியும். எருக்கம்பால் பிசின்போல் ஒட்டுவது. பிறந்த புழுக்கள் பல அதில் வாய் சிக்கி மடிவதும் உண்டு. ஆதலின் வளர்ந்த புழு முதலில் இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, பால் வற்றிய பகுதியைப் பின்னர்த் தின்னும். இதனை யாம் முதன்முறை கண்டபோது, கற்பிப்பார் ஒருவருமின்றி இவ்வறிவு எங்ஙனம் வந்ததென்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். வெந்தய வரியன் புழுவின் முதுகில் மூன்று இணைக் கருங்கொம்புகள் உண்டு, மொனார்க்கிற்கு இரண்டிணையே. நடுவிணையைக் கொண்டே இரண்டையும் பிரித்தறியலாம்.

பாலின் நஞ்சு புழுவைக் கொல்லாமை மட்டுமன்று, அதற்குக் காப்புமாகின்றது. நெஞ்சத் துடிப்பைத் தாக்கும் அந்நஞ்சினை மொனார்க் தன் உடலிற் சேமித்து வைக்கும். லிங்கன் பிரவர் என்னும் அமெரிக்க அறிஞர் 1960களில் செய்த சோதனைகளில், மொனார்க்கைத் தின்ற நீலச் சிறகுடைய ஜே பறவை சிறிது நேரத்தில் வாந்தியெடுத்தது. பின்னர் அப்பூச்சியைத் தொடவும் மறுத்தது. புழுவின் வரிகளும் பூச்சியின் செந்நிறமும் அலங்காரமல்ல, எச்சரிக்கை என்க. வேறோர் இனத்துப் பெண் பூச்சி வெந்தய வரியனைப்போலவே சிறகு கொண்டு பறவைகளை ஏய்க்கின்றது.

முழு வளர்ச்சியுற்ற புழு உண்பதை விடுத்து, பாதுகாப்பான இடம் தேடி அலையும். பட்டுநூலால் சிறு பொட்டொன்று அமைத்து, அதிற் பின்காலால் பற்றித் தலைகீழாய்த் தூண்டில்போல் வளைந்து தொங்கும். மறுநாள் தோல் பிளந்து மேலேறிச் சுருங்கி விழ, உள்ளிருந்து கூட்டுப்புழு வெளிப்படும். பச்சையாகவோ வெளிறிய இளஞ்சிவப்பாகவோ, பொற்புள்ளிகள் மின்ன அது தொங்குவதைப் பார்த்தோர் கம்மியர் கைவேலையென்றே கருதுவர். ஒரு வாரத்திற்கு மேற்பட்டுக் கூடு கருத்து, சிறகின் செம்மஞ்சள் அதனூடே தெரியுமானால் அடுத்த காலையில் பூச்சி வெளிவரும்.

இனி எம் பிழையைக் கூறவேண்டும். பறவைக்கும் குளவிக்கும் அஞ்சி, பத்துப் புழுக்களை அறைக்குக் கொணர்ந்து, மூடியில் துளையிட்ட கண்ணாடிப் புட்டியொன்றில் இலையோடு இட்டுவைத்தோம். அன்புடன் செய்ததே. இரண்டாம் நாள் புட்டியின் உட்புறம் வியர்த்தது. எச்சம் நனைந்து பூஞ்சை பிடித்தது. ஒரு புழு அசைவற்றுக் கிடப்பதைக் கண்டு நோயென்று எண்ணி விரலால் எடுத்து வேறிலையில் வைத்தோம். அது தோலுரிக்க ஆயத்தமாய்க் கிடந்ததென்பது பின்னரே தெரிந்தது, மறுநாள் இறந்தது. ஆறு புழுக்கள் கருத்து நீராய் ஒழுகின. எஞ்சிய மூன்று கூடு கட்டின. அவற்றுள் ஒன்று புட்டியின் அடிப்பகுதிக்கு மிக அருகே தொங்கியது. வெளிவந்த பூச்சி சிறகு விரிக்க இடமின்றிக் கண்ணாடியிற் பட்டு மடங்கிப்போயிற்று. மடங்கியவாறு உலர்ந்த சிறகு பின் விரிவதில்லை. சர்க்கரை நீர் ஊட்டினோம். இரண்டு நாள் எம் மேசைமேல் நடந்து திரிந்தது.

வளர்க்க விரும்புவார்க்கு இதனால் யாம் கற்றவற்றைச் சொல்லுவோம். மூடிய புட்டி வேண்டா; மெல்லிய வலைத்துணி போர்த்த கூடையே நன்று. ஒரு கூடைக்கு இரண்டு மூன்று புழுக்கள் போதும். மருந்து தெளிக்கப்படாத செடியின் இலையை நாள்தோறும் புதிதாகக் கழுவி ஈரந்துடைத்து இடுக. எச்சத்தை நாள்தோறும் அகற்றுக. அசைவற்ற புழுவைத் தொடாதீர். ஏறித் தொங்குவதற்குக் குச்சியும், சிறகு தாழ ஒரு சாண் வெளியும் வேண்டும். வெளிவந்த பூச்சி செந்நீர் சிந்துவதைக் கண்டு அஞ்ச வேண்டா, அது கழிவுநீரே. எருக்கம்பால் கண்ணிற் பட்டாற் பெருந்தீங்கு, ஆதலின் கை கழுவ மறவற்க. இத்தனையும் செய்தபின்னரும் கூட்டிலிருந்து ஈப்புழுக்கள் நூலில் இறங்கி வருதல் கூடும். புழுவாயிருந்தபோதே ஈ அதன்மேல் முட்டையிட்டது காரணம்.

எம் புட்டியில் நிகழ்ந்தது பேரளவில் நிகழக்கூடுமோ என்னும் ஐயத்தால் மொனார்க்கைப் பற்றிப் படித்தோம். கனடாவிலும் ஐக்கிய நாட்டின் வடபகுதியிலும் கோடையிற் பிறக்கும் மொனார்க் சில வாரமே வாழும். இலையுதிர்காலத்திற் பிறப்பதோ எட்டு மாதம்வரை வாழ்ந்து, ஆயிரக்கணக்கான கல் தெற்கே பறந்து, மெக்சிகோ மலைகளின் ஒயாமெல் மரக்காட்டில் குளிர்காலத்தைக் கழிக்கும். அவ்விடத்தை அறிவியலார் அறிந்தது 1975ஆம் ஆண்டிலேதான். மரங்களில் அவை மொய்த்திருக்கும் பரப்பையே கணக்காகக் கொள்வர். 1996–97 குளிர்காலத்தில் 18 எக்டேருக்கு மேலிருந்த பரப்பு 2013–14இல் 0.67 எக்டேராகச் சுருங்கிற்று. களைக்கொல்லி தாங்கும் சோயாவும் சோளமும் பரவியபின் வயல்களிற் பாற்செடி அழிந்தமை முதன்மையான காரணங்களுள் ஒன்றென்பர்.

இரங்கிய மக்கள் வீடுகளில் புழு வளர்த்தனர். தோட்டங்களில் வெப்பநாட்டுப் பாற்செடியை நட்டனர். சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூக்கும் அச்செடி நம் நாட்டுத் தோட்டங்களிலும் உண்டு. ஐக்கிய நாட்டின் தென்கரையில் அது குளிர்காலத்திலும் பட்டுப்போவதில்லை. அதனாற் சில பூச்சிகள் தெற்கே செல்லாது அங்கேயே தங்க, நோய்த் தூள் இலைதோறும் படிந்து, தாயிடமிருந்து புழுவுக்குத் தொற்றிற்று. ஆதலின் இலையுதிர்காலத்தில் அச்செடியை ஒட்ட வெட்டச் சொல்லுகின்றனர். சிகாகோ ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட சோதனையில், அறையில் வளர்ந்த மொனார்க்குகள் தென்திசை நோக்கவில்லை. 2021இல் வெளிவந்த கனடிய ஆய்வோ திறந்த வெளியில் விடப்பட்டபின் அவற்றுட் பெரும்பாலன திசை தேறின என்கிறது. வழக்கு முடியவில்லை. எனினும் மிகுதியாக வளர்த்து விடுதலைக் காட்டிலும் அந்தந்த நிலத்துப் பாற்செடியைக் காத்தலே மேலென்று செர்சீஸ் சங்கம் முதலியோர் கூறுவதையே யாமும் ஒப்புகிறோம். ஒரு சிற்றறையில் ஏழு புழுக்களைக் கொன்றவர் வேறெங்ஙனம் ஒப்புவது?

வெந்தய வரியனுக்கு அத்தகைய இடர் இன்று நேரவில்லை. நம் நாட்டில் அது எங்கும் காணப்படும் பூச்சியே. எருக்கு நிற்கும்வரை அதுவும் நிற்கும். சுவரோரத்து எருக்கு மாசித் திங்களில் விழாவுக்காக நிலம் துப்புரவு செய்தபோது வெட்டுண்டது. வெட்டுவார்க்கு அது களையாகத் தோன்றியதில் வியப்பில்லை. யாமும் முன்னே சொல்லி வைக்கவில்லை. கிளைகளிற் கிடந்த ஐந்து புழுக்களை இலையோடு மிதிவண்டியில் எடுத்துச் சென்று புகைவண்டிப் பாதையோரத்து எருக்கொன்றில் விட்டோம். வேர் கல்லப்படவில்லை. ஆனியில் அவ்வடிக்கட்டையினின்று மூன்று தளிர்கள் கிளம்பின. அவற்றைச் சுற்றி நான்கு கற்களை நட்டு, தோட்டக்கார ஐயாவிடமும் சொல்லியிருக்கிறோம். இன்று காலை இடப்புறத் தளிரின் அடியிலையில் ஒரு முட்டை இருந்தது.