படகு எஞ்சின் மாற்றம்: குதிரைத்திறன் மட்டும் பார்த்தால் போதுமா?

விற்ற சரக்கு திரும்பி வந்தால் லாபமும் போகும், கடையின் பெயரும் போகும். எஞ்சின் வியாபாரத்தில் இது பெரிய நஷ்டம். அமெரிக்கப் பாய்மரப் படகுகளில் நடந்துவரும் எஞ்சின் மாற்றம் இதற்கு நல்ல பாடம்.

அங்கே யுனிவர்சல் நிறுவனம் 1947 முதல் 1980களின் நடுப்பகுதி வரை தயாரித்த 'அட்டாமிக் 4' என்னும் 30 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் ஆயிரக்கணக்கான படகுகளில் பொருத்தப்பட்டது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடியில் தேங்கி, ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். ஆகவே பலர் டீசலுக்கு மாறினார்கள்.

"பழையது 30, புதியதும் 30 கொடுங்கள்" என்பவருக்கு அப்படியே விற்கலாமா? கூடாது. நீர்மட்ட நீளம் 25 அடியுள்ள இத்தகைய படகு மணிக்குச் சுமார் 6.7 கடல் மைலுக்கு மேல் எளிதில் ஓடாது. எவ்வளவு சக்தி கொடுத்தாலும் எரிபொருள் செலவுதான் கூடும். டன்னுக்கு 4 குதிரைத்திறன் என்பது பொதுக்கணக்கு. 4 டன் படகுக்கு 16 போதும்.

விற்குமுன் எஞ்சின் அமரும் கட்டைகளின் இடைவெளி, ஷாப்டின் உயரம், சரிவு, புகைக்குழாயின் விட்டம் ஆகியவற்றை அளந்துவரச் சொல்ல வேண்டும். அட்டாமிக் 4 பெரும்பாலும் கியர் குறைப்பின்றி, இடப்புறம் சுழலும் புரொப்பெல்லரை நேரடியாக ஓட்டியது. இன்றைய சிறு டீசல்களிலோ வேகம் குறைக்கும் கியர் பெட்டி உண்டு. புரொப்பெல்லர் வழக்கமாக வலப்புறம் சுழலும். எனவே புரொப்பெல்லரையும் மாற்றியாக வேண்டும். இச்செலவை முதலிலேயே சொல்லாவிட்டால் வாடிக்கையாளர் நம்மைத்தான் நோவார்.

அளவு கேட்டு விற்கும் கடைக்கு வாடிக்கையாளர் திரும்பி வருவார். சரக்கு திரும்பி வராது.